செபமாலை, வீடு கூப்பிடுது

"கடலில நிக்கேக்குள்ள என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடாதையும்," என்றான் ரொபின்சன்.

"ஏனாம்? கட்டின மனுசி பேர் சொன்னால் மரியாதை குறைஞ்சு போயிடுமோ?"

"பகிடி இல்லை, சிசிலி. போட்டின்ர பேரைத்தான் சொல்லோணும். செபமாலை, செபமாலை, வீடு கூப்பிடுது. அவ்வளவுதான். ஆளின்ர பேர் கடலுக்குத் தெரியக்கூடாது."

"தெரிஞ்சால்?"

"பிறகு திரும்பி வாறது நானோ, என்ர பேர் மட்டுமோ எண்டு உமக்குத் தெரியாமல் போயிடும்."

கல்யாணம் முடிந்த புதிதில் நடந்த பேச்சு அது. தோட்டவெளி வீட்டின் அலுமாரிக்குப் பக்கத்தில், கார் பற்றரியில் ஓடும் பழைய வயலெஸ் செட்டை வைத்துக்கொண்டு அவளுக்குப் பேசப் பழக்கினான். பேசுவதற்கு முன் பொத்தானை இரண்டு முறை அமத்துவான். கிளிக், கிளிக். பிறகு ஒரு சின்ன மூச்சு. அதற்குப் பிறகுதான் குரல். "இது என்ர கையெழுத்து. மற்றவங்கள் ஒருக்கால்தான் அமத்துவாங்கள்," என்று பெருமையடித்துக்கொள்வான். அவள் சிரிப்பாள்.

வாடைக்காற்று தொடங்கின ஒரு விடியலில் அவன் கடைசியாகக் கடலுக்கு இறங்கியபோது சிசிலியா வயிற்றுப்பிள்ளைக்காரி. வாசலில் நின்று, "போட்டு வாங்கோ," என்றாள். அந்தக் கரையில் கடலுக்குப் போகிறவனைப் பார்த்து ஒருத்தரும் 'போங்கோ' என்று மொட்டையாகச் சொல்ல மாட்டார்கள். போய்விட்டு வரவேண்டும் என்று, போவதற்குப் பின்னால் வருவதையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கட்டாமல் விட்ட சொல், நங்கூரம் இல்லாத போட் மாதிரி.

போட் வரவில்லை. இரவும் பகலும் செட்டுக்கு முன்னால் இருந்து, "செபமாலை, செபமாலை, வீடு கூப்பிடுது," என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டாள். அவன் சொன்ன சொல்லை மீறி ஒரு தரமேனும் பேரைச் சொல்லவில்லை. ஒரு பலகை, ஒரு மண்ணெண்ணெய்க் கான்கூடக் கரை ஒதுங்கவில்லை. உடல் இல்லாததால் அடக்கம் இல்லை. அடக்கம் இல்லாததால் துக்கத்துக்கும் முடிவில்லை.

ஆறு வருடம் ஆயிற்று. மாதா சொரூபத்துக்கு முன்னால் அவள் முழங்காலில் நிற்கிறபோதெல்லாம், 'பாவம், புருசன் திரும்பி வரவேணும் எண்டு மன்றாடுறாள்' என்று ஊர் நினைத்தது. அவள் நாக்கின் அடியில் கிடந்த மன்றாட்டு வேறு. அதை அவள் மாதாவிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இப்போது அவளுக்குக் கிடைத்திருந்த வேலையும் கேட்டுக்கொண்டிருக்கிற வேலைதான்.

சிலாவத்துறைக்குத் தெற்கே, முத்துக்குளித்த காலத்தில் கட்டிய ஒரு பழைய கந்தோர்க் கட்டடம் இருக்கிறது. மன்னார்த் தீவில் காற்றாலைகளும் போன் கோபுரங்களும் போடுகிற இரைச்சல் அங்கே எட்டுவதில்லை என்பதால், வேற்றுலகங்களிலிருந்து யாராவது வானொலி அலைகளில் பேசுகிறார்களா என்று தேடுகிறவர்கள் அந்த இடத்தைப் பிடித்திருந்தார்கள். முற்றத்தில் ஒரு பெரிய இரும்புக் கிண்ணம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கணினிகளின் சொந்த இரைச்சல் கிண்ணத்துக்குப் போகாதபடி, உள்ளே ஓர் அறையின் சன்னல்களையெல்லாம் தகரமடித்து மூடியிருந்தார்கள். வெளியே வெயில் மணலை வறுக்கும். உள்ளே எந்நேரமும் இருட்டு.

அன்று மத்தியானமும் வழமைபோல காவல்காரர் ஆதம்பாவா கேற்றில் கையை நீட்டினார். கைப்பேசியை அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம்.

"வா புள்ள. வானத்துக்குச் சட்டி வச்சு எத்தின மாசம், ஒரு மீனாச்சும் விழுந்திச்சா?"

"விழுந்தால் முதல் துண்டு உங்களுக்குத்தான், ஆதம்பாவா காக்கா."

"ஹலாலான மீனாண்டு பாத்துக் குடு," என்று சிரித்தார்.

அறைக்குள் நிஷாந்தன் திரையின் முன்னால் குனிந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கலாநிதிப் பட்டம் வாங்கியவர். சாப்பிட மறந்துபோகிற மனிதர். திரையில் கோடுகள் மழைபோல மேலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. எது செய்மதி, எது விமானம், எது இந்தியக் கரையின் இரைச்சல் என்று பார்த்து ஒதுக்குவது சிசிலியாவின் வேலை.

"சிசிலியா, இதைப் பாருங்கோ," என்றார். குரல் நடுங்கியது. பயத்தில் அல்ல, சந்தோசத்தில்.

ஊசிக்கோடு ஒன்று. எந்தச் செய்மதியும் பேசாத, எந்த மீன்பிடிச் செட்டும் எட்டாத உயரத்து அலைவரிசை. கிண்ணத்தைக் கொஞ்சம் திருப்பினார், கோடு மறைந்தது. பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார், கோடு வந்தது. மறுபடி திருப்பினார். மறைந்தது. அந்தத் திசையில் ஒரு சின்ன நட்சத்திரம் இருந்தது. பதினொரு ஒளியாண்டுத் தூரம்.

"பூமியில இருந்து வாறதெண்டால் எங்க திருப்பினாலும் கேக்கோணும். இது மேலயிருந்துதான் வருது. எங்களுக்கு முன்னம் ஒருத்தரும்..." அவருக்கு வசனம் முடியவில்லை. "ஒலியாக்கிக் கேப்பமோ?"

ஒலிபெருக்கியில் முதலில் ஒரு நீண்ட சரசரப்பு. வலை இழுபடுகிற மாதிரி.

பிறகு,

கிளிக், கிளிக்.

ஒரு சின்ன மூச்சு.

சிசிலியாவின் முகத்தில் ஈயாடவில்லை. தன் கையில் இருந்த தேநீர் காற்சட்டையில் ஊற்றிச் சுட்டதைக்கூட நிஷாந்தன் கவனிக்கவில்லை. அவர் காதை ஒலிபெருக்கியோடு ஒட்டி வைத்திருந்தார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் வந்தது. கட்டிப்போன தொண்டை. அழுதழுது காய்ந்த குரல்.

"செபமாலை, செபமாலை. வீடு கூப்பிடுது."

நிஷாந்தன் மெதுவாகத் திரும்பினார்.

"இது... உங்கட குரல்."

"ஓம், சேர்." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவர் காணாமல் போன நேரம் நான் கூப்பிட்டது."

அவர் எழும்பி நின்றார், இருந்தார், மறுபடி எழும்பினார். "எப்ப?"

"ஆறு வருசம்."

"அப்பிடி இருக்கேலாது. நீங்கள் கூப்பிட்டது அங்க போய்ச் சேரவே பதினொரு வருசம் வேணும். திரும்பி வர இன்னும் பதினொண்டு. அது இன்னும் பாதி வழியிலதான் போய்க்கொண்டிருக்கும்." சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இருந்த சந்தோசம் வடிந்தது. "அப்ப இது அந்த நட்சத்திரத்தில இருந்து வரேல்ல."

"பின்னை?"

நிஷாந்தன் கூரையைப் பார்த்தார்.

"வழியில நிண்டு கேட்டிருக்கு. கேட்டுப்போட்டு இஞ்சால திரும்பியிருக்கு."

அறைக்குள் மண்ணெண்ணெய் வாசம் வந்தது. அதோடு ஈர நைலோன் வலையின் வாசம். அந்த அறையில் இரண்டும் இல்லை. ரொபின்சன் கரையேறி வந்து கழுத்தடியில் முகம் வைக்கிறபோது வரும் வாசம் அது.

கிளிக், கிளிக். மூச்சு.

"வீடு, வீடு. செபமாலை கூப்பிடுது."

இந்த முறை ஆண்குரல்.

அவன் குரல்தான். அந்தச் சின்ன இழுவை, 'வீடு' என்பதை 'வீடூ' என்று நீட்டுவது, எல்லாம் அவனுடையது. அவள் கை தன்பாட்டில் மேசையைத் தாண்டி, அங்கே இல்லாத பேச்சுப் பொத்தானைத் தேடிப் போனது. நிஷாந்தன் அதைப் பிடித்தார்.

"வேண்டாம். இந்த வேலையில முதல் சட்டமே அதுதான். ஒரு சமிக்ஞை வந்தால், உலகம் முழுக்கக் கலந்து பேசாமல் ஆரும் பதில் சொல்லக்கூடாது."

"எங்கட கரையில முதல் சட்டம் வேற, சேர். கடலில இருந்து ஒரு குரல் கூப்பிட்டால், பகையாளி எண்டாலும் பதில் குடுக்கோணும். குடுக்காமல் விட்டால் அந்தப் பாவம் எங்கட பிள்ளையளைச் சேரும்."

"இது கடல் இல்லை, சிசிலியா."

"வீடு, வீடு," என்றது குரல். "செபமாலை. ஆராவது நிக்கிறீங்களோ?"

அவளால் தாங்க முடியவில்லை. அந்த அறையில் இருந்தது கேட்கிற கருவி மட்டும்தான். பேசுகிற கருவி ஒன்றுகூட இல்லை. சொன்னால் யாருக்குக் கேட்கப்போகிறது? உதட்டுக்குள், தனக்குள் சொல்கிற மாதிரி, ஒரு சொட்டுச் சத்தத்தில் சொன்னாள்.

"செபமாலை, வீடு நிக்குது."

சரசரப்பு நின்றது.

திரையில் இறங்கிக்கொண்டிருந்த எல்லாக் கோடுகளும் ஒன்றாக நின்றன.

"சிசிலி," என்றது.

இடைவெளியே இல்லை. பதினொரு வருடம் இல்லை, ஒரு மூச்சு நேரம்கூட இல்லை. பக்கத்துக் கதிரையில் இருந்து சொன்ன மாதிரி.

"எவ்வளவு தூரம் வந்திட்டன் தெரியுமோ? உம்மட குரலைப் பிடிச்சுக்கொண்டுதான் வந்தனான். ஒண்டு மட்டும் தெரியேல்ல, சிசிலி. என்ர பேர் என்ன?"

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போட்டின்ர பேர் தெரியும். வீட்டின்ர பேர் தெரியும். நீர் என்ர பேரை ஒருநாளும் சொல்லேல்லையே. பேர் இல்லாமல் நான் எப்பிடி வாறது?"

நிஷாந்தன் கிண்ணத்தை வேறு பக்கம் திருப்பினார். குரல் குறையவில்லை. இன்னும் திருப்பினார். கடலைப் பார்த்து, நிலத்தோடு தாழ்த்தினார். குரல் இன்னும் தெளிவானது, கரைக்கு வந்துவிட்ட போட் போல. கடைசியில் மேசைக்கடியில் பாய்ந்து கிண்ணத்தின் கேபிளையே இழுத்துப் பிடுங்கினார். கேபிள் அவர் கையில் பாம்பு மாதிரித் தொங்கியது.

"சொல்லும், சிசிலி. ஒரு பேர்தானே."

அவள் தலையை ஆட்டினாள். இல்லை, இல்லை, இல்லை. கண்ணீர் விரல்களுக்கு மேலால் வழிந்தது. சொல்லிவிடத்தான் உயிர் துடித்தது. அந்த ஒரு பேரைச் சொன்னால் ஆறு வருடம் முடிந்துவிடும். ஆனால் அலுமாரிக்குப் பக்கத்தில் இருந்து அவனே சொன்னது காதில் நின்றது. திரும்பி வாறது நானோ, என்ர பேர் மட்டுமோ. ரொபின்சனுக்குத் தன்னுடைய பேர் தெரியாமல் போகுமா?

குரல் கொஞ்சநேரம் காத்திருந்தது. பிறகு கோபமில்லாமல், மிக அன்பாகச் சொன்னது.

"சரி. நான் மற்ற ஆளிட்டக் கேக்கிறன்."

சரசரப்பு. கோடுகள் பழையபடி மழையாக இறங்கின. மண்ணெண்ணெய் வாசம் இல்லை.

மற்ற ஆள்.

வீட்டில் செட் இருந்தது. பற்றரி கழற்றி, துணி சுற்றி, அலுமாரியின் கீழ்த்தட்டில். அந்த வீட்டில் அஞ்சலாவும் இருந்தாள். தகப்பனைக் காணாமலே பிறந்த பிள்ளை.

சிசிலியா கதவைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குள் ஓடினாள். ஆதம்பாவாவின் கையில் இருந்து கைப்பேசியைப் பிடுங்கி, வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற ரொபின்சனின் தங்கை கலாராணிக்கு அடித்தாள். மணி போனது. எடுப்பாரில்லை. மறுபடி அடித்தாள். மறுபடியும்.

"என்ன புள்ள, பேயைக் கண்டவ மாதிரி?" என்றார் ஆதம்பாவா. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அணைந்துபோய், "அல்லாஹ்வே," என்று கேற்றை அகலத் திறந்துவிட்டார்.

பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரமில்லை. நிஷாந்தன் மோட்டார் சைக்கிளை எடுத்தார். நானாட்டானில் வயல் உழுத உழவு இயந்திரங்கள் வீதியை அடைத்துக்கொண்டு வந்தன. அவற்றை விலக்கி, பின்சில்லுக்குக் காற்றுப்போன இடத்தில் கடைகடையாக ஆள் தேடி, மன்னார்ப் பாலத்தை அடைந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பாலத்தின் இரண்டு பக்கமும் கடல் ஈயம் மாதிரி அசையாமல் கிடந்தது. வாடைக்காலத்தில் கடல் அப்படிக் கிடக்காது. வழி முழுக்கச் சிசிலியா செபமாலை சொல்ல முயன்றாள். 'அருள் நிறைந்த மரியே' வரைக்கும் வந்தது. மிச்சம் வரவில்லை.

தோட்டவெளிக்குள் நுழைகிறபோது கோயிலில் மாலைச் செபத்துக்கான திருந்தாதி மணி அடித்தது. கடைசி மணியோடு கரண்ட் போனது. ஊர் முழுக்க ஒரே இருட்டு.

வீட்டுக் கிணற்றடியில் கலாராணி உடுப்பு அள்ளிக்கொண்டு நின்றாள். "என்ன மச்சாள், இப்பிடி ஓடி வாறீங்கள்? போனைச் சார்ச்சில போட்டிட்டு..."

"பிள்ளை எங்க?"

"உள்ளுக்குத்தான். ரீவி பாத்துக் கதைச்சுக்கொண்டிருக்கிறாள்."

"கரண்ட் இல்லையடி!"

கலாராணியின் கையிலிருந்து உடுப்பு நழுவியது.

உள்ளே, திறந்த அலுமாரிக்கு முன்னால், அஞ்சலா தரையில் சப்பாணி கட்டி இருந்தாள். மடியில் செட். பற்றரி இல்லை, வயர் இல்லை. ஆனாலும் அதன் சின்னச் சிவப்பு வெளிச்சம் பிள்ளையின் நாடியில் விழுந்திருந்தது. அறை முழுக்க மண்ணெண்ணெயும் ஈர வலையும் மணத்தது.

"அம்மா," என்றாள் அஞ்சலா சந்தோசமாக. "ஒரு மாமா என்னோட கதைச்சவர்."

சிசிலியா மண்டியிட்டுப் பிள்ளையை வாரி அணைத்தாள். "என்ன கேட்டவர், செல்லம்?"

"அப்பாட பேர் கேட்டவர்."

"நீ..."

பிள்ளை முதுகை நிமிர்த்தி, கையைக் கட்டி, நேர்சரியில் ரீச்சர் பழக்கின மாதிரியே சொல்லிக்காட்டினாள். "எனது அப்பாவின் பெயர் மரியான் ரொபின்சன். எனது அம்மாவின் பெயர் சிசிலியா. எனது வீடு தோட்டவெளியில் உள்ளது." பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துக் குரல் தாழ்த்தினாள். "பிழையா சொன்னனான்?"

"இல்லை, அம்மா. நீ சரியாத்தான் சொன்னனீ."

வெளியே மணலில் ஒரு காலடி.

ஈரமான காலடி. நனைந்த துணி பிழிபடுகிற மாதிரி ஒரு சத்தம். நின்றது. இன்னொன்று.

கலாராணி ஓடிவந்து கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். கேற்றடியில் நின்ற நிஷாந்தனின் குரல் கேட்டது. மெல்லிய குரல், மூச்சுக்குள்ளால் வந்தது.

"சிசிலியா... வாசலில ஆரோ நிக்கினம்."

"ஆர், சேர்?"

"ஆளைக் காணேல்ல." மோட்டார் சைக்கிளின் சில்லு மணலில் திரும்பியது. "லைற் அடிச்சுப் பாக்கிறன். நிழல் மட்டும் கதவில விழுந்திருக்கு."

மோட்டார் சைக்கிளின் வெளிச்சம் கதவின் நீக்கலால் உள்ளே கோடாக வந்துகொண்டிருந்தது. நடுவில் அந்தக் கோடு அறுந்திருந்தது. ஒரு மனிதன் அகலத்துக்கு.

கிளிக், கிளிக்.

இந்த முறை செட்டில் இல்லை. கதவில். நகத்தால்.

ஒரு சின்ன மூச்சு.

"சிசிலி. நான் ரொபின்சன். கதவைத் திறவும்."

கலாராணி விம்மினாள். "மச்சாள், அது அண்ணாதான். அண்ணாதான், மச்சாள்!" அவள் கை தாழ்ப்பாளுக்குப் போனது. சிசிலியா பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"உன்ர அண்ணன் எங்கட பிள்ளையை முதல்தரம் கண்டால் என்ன கேப்பான்? பிள்ளையின்ர பேரைக் கேப்பான். இது தன்ர பேரைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கு."

கதவுக்கு அடியால் தண்ணீர் ஊறி வந்தது. உப்புத் தண்ணீர். சிமெந்துத் தரையில் மெல்ல மெல்லப் பரந்து, அஞ்சலாவின் சின்னச் செருப்பைத் தொட்டு, அதை ஓரமாக அசைத்தது.

"நீர்தானே வரச் சொன்னனீர்," என்றது குரல், கதவோடு வாய் வைத்து. "வாசலில நிண்டு சொன்னீர். போட்டு வாங்கோ எண்டு. நான் போட்டன். வந்திட்டன். சொன்ன சொல்லை நான் மறக்கேல்ல, சிசிலி."

அது உண்மைதான். அந்த விடியலில் அவள் வாயால் கட்டிவிட்ட கயிறுதான் அது. ஆறு வருடமாக மறுமுனையை அவள் விடவேயில்லை. கையைப் புண்ணாக்கிக்கொண்டு பிடித்திருந்தாள். விட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு மன்றாட்டிலும் நினைத்தாள். ஒரு மனுசி தன் புருசனைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொல் என்பதால் விழுங்கிக்கொண்டாள். இந்தக் கதவுக்கு வெளியே நிற்பது அவனாக இருந்தால், அது அவன் கேட்கக்கூடாத சொல். அவன் இல்லாவிட்டால், இதைத் தவிர இந்தப் பிள்ளையைக் காப்பாற்ற அவளிடம் வேறு சொல் இல்லை.

எதுவென்று தெரியவில்லை. அதுதான் அவளை அதிகம் நடுக்கியது.

தாழ்ப்பாள் தானாக ஒரு விரற்கடை நகர்ந்தது.

அஞ்சலா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, குளிருது," என்றாள்.

சிசிலியா ஈரத்துக்குள் வெறுங்காலோடு நின்று, கதவில் நெற்றியை வைத்தாள். அந்தப் பக்கமும் ஒரு நெற்றி இருந்ததை மரத்துக்குள்ளால் அவள் உணர்ந்தாள்.

"ரொபின்சன்," என்றாள். பிறகு, அந்தக் கரையில் எந்த மனுசியும் சொல்லாததைச் சொன்னாள்.

"போங்கோ."

காற்று நின்றது.

"என்னையும் பிள்ளையையும் விட்டிட்டுப் போங்கோ."

அறுந்திருந்த வெளிச்சக்கோடு ஒட்டிக்கொண்டது. தரையில் இருந்த தண்ணீர் வந்த வழியே கதவுக்கடியால் வடிந்து போனது. வெளியே நிஷாந்தன் பலமாக மூச்சு விடுவது கேட்டது. கலாராணி சுவரோடு சரிந்து இருந்து, முகத்தை மூடி அழுதாள். சிசிலியா அழவில்லை. பிள்ளையின் தலையைத் தடவியபடி, போகிற காலடிகளைக் கேட்டாள். மணலில். ஈரமணலில். பிறகு எதுவுமில்லை.

அலுமாரிக்கு முன்னால், தரையில் கவிழ்ந்து கிடந்த செட்டில், சிவப்பு வெளிச்சம் இன்னும் அணையவில்லை.

கிளிக், கிளிக். ஒரு சின்ன மூச்சு.

"ஓம், சிசிலி," என்றது, மிக மிகத் தூரத்தில் இருந்து. "போட்டு வாறன்."